முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை: யாழ்ப்பாணத்தில் முதற்தடவை போகிறவர்களுக்கு

அம்மாவின் முழங்கால் தேய்வுக்கு மூட்டு மாற்றி முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்த வேலையின் ஒழுங்கு தெரிந்திருக்கவில்லை. ஒரு மேசையில் கேட்டால் இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். ஒரு கடதாசியோடு போனால் இன்னொரு கடதாசி கேட்பார்கள். வைத்தியர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இழுபட்டது நாங்கள் செய்யவேண்டியிருந்த பக்கம்.

சத்திரசிகிச்சை ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதைத் தள்ளிப்போட வைப்பவை நான்கு: இரத்தத்தில் சீனி கூடியிருப்பது, கடதாசி குறைவது, காசு பிந்துவது, வீடு ஆயத்தமில்லாமல் இருப்பது. பெயர் காத்திருப்புப் பட்டியலில் ஏறுகிற அன்றே நான்கையும் ஒன்றாகத் தொடங்கிவிட வேண்டும். திகதி வந்த பிறகு பார்க்கலாம் என்றிருந்தால் வந்த திகதி கைவிட்டுப் போகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை மெல்ல மெல்லத் தேய்ந்த முழங்காலுக்கு. வயதானவர் விழுந்து எழும்ப முடியாமல் கிடக்கிறார், ஒரு கால் கட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இடுப்பு மூட்டுக்குக் கிட்ட தொடையெலும்பு முறிவு. உடனே 1990 இற்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எண்ணெய் போட்டுக் கட்டுவது, உருவி விடுவது, விடியட்டும் பார்ப்போம் என்று படுக்க வைப்பது ஒன்றும் வேண்டாம். அந்த முறிவுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் நல்லது. படுக்கையில் போகும் ஒவ்வொரு நாளும் சளி, படுக்கைப்புண், இரத்தக்கட்டி என்று புதிய ஆபத்தைக் கொண்டுவரும். அதேபோல ஒரு முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அதுவும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விசயம்.

1. நோவு முழங்காலில் இருந்துதானா என்று தெளிவாக்குங்கள்

தேய்வு நோவுக்கு ஒரு குணம் இருக்கிறது. நடக்க, படி ஏற, இருந்து எழும்ப நோகும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழும்பும்போது விறைப்பு இருந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ நிற்கிறது, கைவிரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது வாதநோயாக இருக்கலாம். அதற்குப் பார்க்கவேண்டியவர் வாதநோய் வைத்தியர், மருந்தாலேயே அடக்கக்கூடியது. காய்ச்சல் வந்து போனபின் பல மூட்டுகள் ஒன்றாக நோகத் தொடங்கினால் சிக்குன்குனியா வந்ததா என்றும் யோசிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: இடுப்பு மூட்டு பழுதாகியிருந்தாலும் நோவு முழங்காலில் தெரியும். முதுகெலும்பில் நரம்பு நசிந்தாலும் காலில் இறங்கும். அதனால் முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய், இடுப்பையும் முதுகையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடமே ஒரு அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, என்ன குளுசை எடுத்தார், வேறு என்ன வருத்தம் என்று அதில் இருந்தால் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்லத் தேவையில்லை.

2. எக்ஸ்ரே நின்றபடி எடுக்கப்பட வேண்டும்

இதில்தான் காசு கூடுதலாக வீணாகிறது. படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எழும்பி நின்று உடம்பின் பாரம் காலில் இறங்கும்போதுதான் இரண்டு எலும்பும் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று படத்தில் விழும். வைத்தியர் எழுதிய துண்டில் நின்றபடி என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் எடுக்க முன்பே கேளுங்கள். இரண்டு முழங்காலையும் சேர்த்து முன்பக்கம், பிறகு பக்கவாட்டு. சில்லுப் பக்கமும் நொந்தால் அதற்குத் தனியாக ஒரு படம் கேட்பார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு நீங்களாக ஓடவேண்டாம். முற்றிய தேய்வை எக்ஸ்ரேயே காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தசைநார், சவ்வு கிழிவு போன்றவற்றுக்கு. சத்திரசிகிச்சை வைத்தியர் கேட்டால் மட்டும் எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் "எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சோ?" என்று நெருக்குவார்கள். அவர்களுக்கு இந்தப் பந்தியை அனுப்பிவிடுங்கள்.

3. கிளினிக்குக்குப் போவது

யாழ் போதனா வைத்தியசாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் வசதி. வடமராட்சிக்காரர் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும், தென்மராட்சிக்காரர் சாவகச்சேரியிலும் முதலில் காட்டி அங்கிருந்து கடிதத்தோடு வரலாம். நெடுந்தீவுக்காரர் முதல் நாளே குறிகட்டுவான் இறங்குதுறையால் வந்து, யாராவது உறவுக்காரர் வீட்டில் தங்குவதுதான் நல்லது. காலைப் படகை நம்பி வந்து நம்பர் முடிந்துபோய்த் திரும்புவது வயதானவருக்குப் பெரிய தண்டனை.

எலும்பு முறிவு, மூட்டுச் சத்திரசிகிச்சைக் கிளினிக் எந்த நாள் என்பது வைத்தியருக்கு வைத்தியர் மாறும், கேட்டு உறுதிசெய்யுங்கள். போயா தினத்திலும் மற்ற அரச விடுமுறைகளிலும் கிளினிக் நடக்காது. கொப்பியில் எழுதித்தந்த திகதி விடுமுறையில் விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடிய வெள்ளெனப் போங்கள். சாப்பாடும், நேரத்துக்கு எடுக்கும் குளுசைகளும் கையில் இருக்கட்டும். நீரிழிவுக்காரரை வெறும் வயிற்றோடு மதியம் வரை வாங்கில் இருத்தி வைக்காதீர்கள்.

உள்ளே வைத்தியரோடு கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: மூட்டு மாற்றத்தான் வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா? முழு மூட்டா, பாதியா? பட்டியல் எவ்வளவு நீளம்? செயற்கை மூட்டை ஆஸ்பத்திரி தருமா, நாங்கள் வாங்கவேண்டுமா? ஒரு காலா, இரண்டுமா? இன்னும் விரிவாகக் கதைக்க வேண்டுமென்றால் அதே வைத்தியரை மாலையில் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்க்கலாம். ஆனால் சனல் பண்ணிப் பார்த்ததால் அரச ஆஸ்பத்திரிப் பட்டியலில் பெயர் முன்னுக்குப் போகும் என்று நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

4. மாற்றுவதா, பொறுப்பதா

எக்ஸ்ரேயில் தேய்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் மூட்டு மாற்றுவதில்லை. நோவு இரவில் நித்திரையைக் குழப்புகிறதா, கடைக்கும் கோயிலுக்கும் போவது நின்றுபோயிற்றா, குளுசை இல்லாமல் ஒரு நாளும் போகாதா என்பதுதான் கேள்வி. நிறையைக் குறைப்பது, தொடையின் முன்தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, பொல்லு, அளவான நோக்குளுசை ஆகியவற்றைச் சில மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டுத்தான் நல்ல வைத்தியர் கத்தியைப் பற்றிப் பேசுவார். அது தட்டிக்கழிப்பு என்று கோபப்படாதீர்கள். இப்போது தசை எவ்வளவு பலமாகிறதோ, சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடை அவ்வளவு சுகமாக வரும்.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் நோக்குளுசை. டைக்குளோஃபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். சிறுநீரகம் பழுதானால் சத்திரசிகிச்சையே ஆபத்தாகிவிடும். இரண்டாவது, மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி. அது சில கிழமைகளுக்குச் சுகம் தரும், தப்பில்லை. ஆனால் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமித்தொற்று வரும் சாத்தியம் கூடும். ஊசி போட்ட திகதியை எழுதிவைத்து, சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூன்றாவது, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் குளுக்கோசமின் போத்தல்கள். தேய்ந்த சவ்வை அவை திரும்ப வளர்க்காது. அந்தக் காசை ஒரு நல்ல வோக்கருக்கும் கொமட் கதிரைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணெயும் பத்தும் போட்டுக் கட்டும் நாட்டு முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் அவர்கள் மேல் உள்ள நம்பிக்கை பெரிது. சுளுக்குக்கும் தசைநோவுக்கும் எண்ணெய் ஆறுதல் தரும். ஆனால் தேய்ந்த முழங்காலை இறுக்கிக் கட்டி நாட்கணக்கில் வைத்தால் தசை மெலிந்து மூட்டு இன்னும் விறைக்கும். பத்துப் போட்ட இடத்தில் தோல் பொக்களித்துப் புண்ணானால், அந்தப் புண் முழுதாக ஆறும்வரை சத்திரசிகிச்சை செய்யமாட்டார்கள்.

5. ஒரே ஃபைல், எல்லாக் கடதாசியும் அதற்குள்

பெயர் பதிந்த அன்றே கடையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். அடையாள அட்டை, அதன் போட்டோக்கொப்பி சில. அறிமுகக் கடிதம். எலும்புக் கிளினிக் கொப்பியோடு நீரிழிவு, பிரஷர், இருதயக் கிளினிக் கொப்பிகளும். பழைய எக்ஸ்ரே எல்லாம், திகதி ஒழுங்கில். இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஈசிஜி, எடுத்திருந்தால் எக்கோ எனும் இருதய ஸ்கான். முந்திய சத்திரசிகிச்சை ஏதும் இருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட், அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது எழுதித் தரும் குறிப்பு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில். எடுக்கும் குளுசைகளின் பட்டியல், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்பதோடு. சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதையும் எழுதுங்கள். வைத்தியர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். இரத்தத்தை இளக்கும் மூலிகைகளும் இருக்கின்றன.

எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அனுப்பி வைத்துவிட்டால், ஃபைல் தவறினாலும் விசயம் தவறாது. மூலப் பிரதியை யாரிடம் கொடுத்தாலும் கொப்பி எடுத்த பிறகே கொடுங்கள். காப்புறுதிக்காரர், பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி மூவரும் ஒரே கடதாசியின் மூலத்தைக் கேட்கும் நாள் வரும்.

பெயரில் கவனம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கோவை, கிளினிக் கொப்பியில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது என்று இருந்தால் உதவிப் பணம் வரும் இடத்தில் இடறும். கல்யாணத்துக்கு முன் இருந்த பெயரும் பின் வந்த பெயரும் கலந்திருக்கும் அம்மாமாருக்கு இது கட்டாயம் பார்க்கவேண்டியது. கிளினிக் கொப்பி திறக்கும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

6. காசு

அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, வார்ட், வைத்தியர், மயக்க மருந்து எதற்கும் கட்டணமில்லை. செலவு வருவது செயற்கை மூட்டில். கையிருப்பு உள்ளபோது ஆஸ்பத்திரியே தரும். இல்லாத காலத்தில் வெளியில் வாங்கித் தரச் சொல்வார்கள். அது இலட்சங்களில் போகும், டொலரோடு விலையும் ஏறி இறங்கும். அப்படி வாங்கவேண்டி வந்தால் வைத்தியர் எழுதித் தந்த துண்டில் உள்ளதையே வாங்குங்கள். வாய்வார்த்தையில் விலை பேசாதீர்கள். எந்தக் கம்பனி, என்ன மாதிரி, மூட்டை எலும்போடு பொருத்தும் சீமெந்து சேர்த்தா இல்லையா, எத்தனை நாளுக்கு இந்த விலை நிற்கும் என்று எழுத்தில் விலைக்கோரல் வாங்குங்கள். அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். எந்த அளவு பொருந்தும் என்பது சத்திரசிகிச்சை மேசையில்தான் இறுதியாகத் தெரியும். ஆகவே எல்லா அளவும் அன்று தியேட்டருக்கு வந்திருக்க வேண்டும். அது விற்பனையாளரின் பொறுப்பு என்பதை விலைக்கோரலிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வழி இருக்கிறது. சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை. உங்களுக்குச் செய்யப்போகும் சத்திரசிகிச்சை அவர்களின் பட்டியலில் இருக்கிறதா, எவ்வளவு தருவார்கள், குடும்ப வருமானம் எவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியரின் அறிக்கை, விலைக்கோரல், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய விபரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சுற்றித்தான் விண்ணப்பம் நிற்கும். கட்டாயம் சத்திரசிகிச்சைக்கு முன்பே போய்க் கேளுங்கள். காசைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு போய் நிற்பவர்களின் அலைச்சல் பெரிது. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. பிள்ளை அரச வேலையில் என்றால் பெற்றோருக்கு அது எந்த அளவுக்குச் செல்லும் என்று அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தனியாரில் செய்வதென்றால் பக்கேஜ் என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டாதீர்கள். அந்தத் தொகைக்குள் செயற்கை மூட்டு இருக்கிறதா? சத்திரசிகிச்சை வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர் இருவரின் கட்டணமும்? எத்தனை இரவு அறை? பிசியோ? அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டி வந்தால் ஒரு நாளுக்கு என்ன? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். எங்களுக்கு முதலில் சொல்லப்பட்ட தொகையில் மூட்டின் விலை இருக்கவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவதால் இந்தியாவில் செய்யும் யோசனையும் வரும். போகலாம். ஆனால் தையல் வெட்டிய பிறகு காயத்தில் ஊனம் வடிந்தால் இங்கே யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் போகமுன்பே பதில் வைத்திருக்க வேண்டும். மருத்துவ விசா, கூடப் போகிறவரின் விசா, அங்கே தங்கும் செலவு, திரும்பிப் பறக்க வைத்தியரின் சம்மதம் எல்லாம் கணக்கில் வரட்டும். வரும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பு முழுவதையும் கையோடு கொண்டுவாருங்கள்.

7. உடம்பை ஆயத்தப்படுத்துவது

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். திகதி தள்ளிப்போவதற்குப் பெரிய காரணம் சீனி. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை 8 இற்கு மேல் இருந்தால் பல வைத்தியர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். கூடிய சீனியில் காயம் ஆறாது, கிருமி தங்கும். செயற்கை மூட்டில் கிருமி குடிபுகுந்தால் அதைக் கழற்றி எடுக்கும் நிலையும் வரும். மூன்று மாதச் சராசரி என்பதால் கடைசிக் கிழமைப் பத்தியத்தால் அது இறங்காது. பெயர் பதிந்த அன்றே நீரிழிவுக் கிளினிக்கில் போய், "முழங்கால் மாற்றப் போகிறோம், சீனியை இறக்கித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். இரவில் புட்டையும் இடியப்பத்தையும் அளவாக்கி, பழப்புளிக் குழம்போடு மரக்கறியைக் கூட்டினாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும்.

பல்லைக் காட்டுங்கள். வெற்றிலை போடும் அம்மாமாருக்கு முரசில் சீழ் இருப்பது தெரியாது. அங்கிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி மூட்டுக்குப் போகலாம். ஆடும் பல், சூத்தைப் பல் எல்லாம் முன்பே பார்த்து முடிக்க வேண்டும். சிறுநீரில் எரிவு இருந்தால் பரிசோதித்து மருந்தெடுங்கள். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதி வெடிப்பு இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மாரியில் வெறுங்காலோடு வளவுக்குள் நடக்கும் ஆட்களுக்கு இது வராமல் இருப்பது அரிது. அது ஆறாமல் தியேட்டருக்குள் எடுக்கமாட்டார்கள்.

அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வோர்ஃபரின் போன்ற இரத்தம் இளக்கும் குளுசை எடுத்தால், எதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று மயக்க மருந்து வைத்தியரும் இருதய வைத்தியரும் சேர்ந்து சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இது உயிர் விசயம்.

முதல் நாள் வீட்டில் காலில் மயிரை பிளேட்டால் வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள் கிருமி நுழையும். எடுக்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் அதற்கான கருவியால் எடுப்பார்கள். நீங்கள் செய்யவேண்டியது நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது மட்டும்.

8. வீடு

யாழ்ப்பாணத்து வீடு புது முழங்காலுக்கு ஏற்ற மாதிரிக் கட்டப்பட்டதில்லை. கக்கூஸ் பின்வளவில், அதுவும் குந்தி இருக்கும் மாதிரி, குளிப்பு கிணற்றடியில், வாசலில் உயரமான படி, தேங்காய் துருவத் திருவலையில் இருக்கவேண்டும். மாற்றிய முழங்காலோடு குந்தக்கூடாது, நிலத்தில் சம்மணம் போட்டு இருக்கக்கூடாது. இது முதல் மாதத்துக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். இனி எப்போதும் கதிரைதான். கோயிலிலும் கதிரை. இதை முன்பே அம்மாவிடம் மனம்விட்டுக் கதையுங்கள். நல்லூரில் நிலத்தில் இருந்து கும்பிட்டவருக்கு இந்த மாற்றம் சின்ன விசயம் இல்லை.

செய்யவேண்டியது: கொமட் இல்லையென்றால் கொமட் கதிரை ஒன்று. பக்கத்துச் சுவரில் பிடிக்க இரும்புக் குழாய். கட்டிலின் உயரம், இருந்தால் பாதம் நிலத்தில் முழுதாகப் படும்படியும் முழங்கால் இடுப்பை விட மேலே போகாதபடியும். கையுள்ள கதிரை. குளிக்கப் பிளாஸ்டிக் கதிரையும், கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுவதும். தரையில் விரித்த பாய், கால்மிதி, வயர் எல்லாம் எடுத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து கக்கூஸ் வரை இரவில் வெளிச்சம் வேண்டும்.

காலமும் யோசியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் முற்றம் வழுக்கும், சில வளவுகளில் வெள்ளம் நிற்கும். திகதியைத் தெரிவுசெய்ய வாய்ப்புக் கிடைத்தால் தை பிறந்த பிறகு கேளுங்கள். கிடைத்த திகதி மாரியில் விழுந்தால் அதற்காகப் பட்டியலை விட்டுவிடவும் வேண்டாம். அப்போது கக்கூஸை வீட்டுக்குள் கொண்டுவரும் வழியைப் பாருங்கள்.

9. வார்ட்டில்

திகதி மாறும். விபத்தில் எலும்பு முறிந்தவர்கள் வந்து சேர்ந்தால் அவர்களுக்குத்தான் தியேட்டர் முதலில். அதனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் சத்திரசிகிச்சை நாளுக்கு ரிக்கெற் போடாமல் இருப்பது புத்தி. உண்மையில் ஆள் தேவைப்படுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். லீவு குறைவென்றால் அந்த நாட்களுக்கு வைத்திருங்கள்.

பெண்கள் வார்ட்டில் இரவு கூட நிற்பதற்குப் பெண் ஒருவரைத்தான் விடுவார்கள். யார் என்று முன்பே ஒழுங்குபடுத்துங்கள். நகை, தோடு, மூக்குத்தி வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும். தாலியையும் கழற்றச் சொல்வார்கள், மனதை ஆயத்தப்படுத்துங்கள். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்ட பிறகு அம்மாவே கையெழுத்திடட்டும். அறிவும் நினைவும் தெளிவாக இருக்கும் ஒருவருக்காகப் பிள்ளை கையெழுத்து வைப்பது முறையில்லை. எந்தக் கால் என்று வைத்தியர் பேனாவால் அடையாளமிடுவார். அவர் இடும்போது நீங்களும் பாருங்கள்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்துதான் செய்வார்கள். முதுகு ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகு நோகும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். அதற்காக முழு மயக்கம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள், நெஞ்சில் சளி உள்ள வயதானவருக்கு முதுகு ஊசி பல நேரம் பாதுகாப்பானது. சாப்பாடு, தண்ணீர் எப்போது நிறுத்துவது என்பதை வார்ட்டில் சொன்னபடி கறாராகப் பின்பற்றுங்கள். இரக்கப்பட்டு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்தால் அன்றைய பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். "இவ்வளவு நோவோடு நடத்துகிறார்களே" என்று தடுக்காதீர்கள். கால் அசையாமல் கிடந்தால் இரத்தம் உறைந்து கட்டியாகி நெஞ்சுக்கு ஏறலாம்.

வெளியேறும்போது டயக்னோசிஸ் கார்ட், அடுத்த கிளினிக் திகதி, பிசியோ திகதி, தையல் வெட்டும் திகதி நான்கும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கை மூட்டின் பெட்டியில் கம்பனி, அளவு, இலக்கம் உள்ள ஒட்டுத்துண்டு இருக்கும். அதன் ஒரு பிரதியைக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், குறைந்தது படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடத்துக்குப் பின் ஒரு பகுதியை மாற்ற வேண்டி வந்தால் அந்த இலக்கம் இல்லாமல் வைத்தியர் சிரமப்படுவார். விமான நிலையச் சோதனையில் சத்தம் வந்தாலும் டயக்னோசிஸ் கார்ட்டின் கொப்பி உதவும்.

10. முதல் ஆறு கிழமை

மூட்டு எவ்வளவு நன்றாகப் பொருத்தப்பட்டாலும் பயிற்சி செய்யாத கால் மடங்காது. முதலில் முழங்காலை முழுதாக நீட்டப் பழகவேண்டும். சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்துப் படுக்கவிடாதீர்கள். பிள்ளைகள் பாசத்தில் செய்யும் பெரிய கேடு இது. கால் வளைந்தபடியே விறைத்துவிடும். தலகணி குதிக்குக் கீழே போகட்டும். மடக்குவதில் இரண்டாம் கிழமை அளவில் 90 பாகை வந்துவிட்டால் நல்லது. படி ஏறி இறங்க அதற்கும் மேலே வேண்டும்.

நோக்குளுசையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் கொடுத்தால் பயிற்சி நடக்கும். தையல் அல்லது கிளிப் 10 முதல் 14 நாளுக்குள் வெட்டுவார்கள். அதுவரை காயத்தில் தண்ணீர் வேண்டாம். எண்ணெய், மஞ்சள், திருநீறு எதையும் காயத்தில் வைக்கவேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ குளுசையோ தந்திருந்தால் சொன்ன நாள் முடியும்வரை ஒன்றும் தவறக்கூடாது. நல்லாயிருக்கிறது என்று பலர் தவறாக இடையில் நிறுத்திவிடும் மருந்து இதுதான்.

கெண்டைக்கால் வீங்கி இறுகி நொந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் 1990. காயத்தில் ஊனம் வடிந்தால், சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்காமல் அன்றே வார்ட்டுக்குப் போங்கள். ஊரில் யாரிடமாவது அன்டிபயோட்டிக் எழுதுவித்து விழுங்கினால் கிருமி என்னவென்று பரிசோதனையில் பிடிபடாமல் போகும்.

முழங்காலைச் சுற்றி வீக்கமும் சூடும் மூன்று மாதம் வரைகூட இருக்கும், அதற்குப் பதறவேண்டாம். வோக்கரிலிருந்து பொல்லுக்கு மாறுவது பெரும்பாலானவர்களுக்கு நாலு முதல் ஆறு கிழமைக்குள். பொல்லை நொந்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரோ காரோ ஓட்டுகிறவர்கள் ஆறு கிழமைக்கு முன் கேட்கவே வேண்டாம்.

11. மற்ற முழங்கால்

ஒன்றுக்குச் செய்து சுகம் கண்டவுடன் மற்றதையும் உடனே செய்யச் சொல்லி அவசரப்படுவார்கள். முதல் காலில் முழுப் பாரத்தையும் தாங்கி, பொல்லில்லாமல் வீட்டுக்குள் நடக்க வரட்டும். அதற்குச் சில மாதம் விடுவதுதான் வழக்கம். ஆனால் பட்டியல் நீளமானது என்பதால் பெயரை ஆறாம் கிழமைக் கிளினிக்கிலேயே பதியக் கேளுங்கள். எச்.பி.ஏ.1.சி. புதிதாக எடுக்க வேண்டும், பழைய ஈசிஜி செல்லாமல் போகலாம். முதல் காலின் டயக்னோசிஸ் கார்ட்டும் ஒட்டுத்துண்டும் அதே ஃபைலில் மேலே இருக்கட்டும். அதே கம்பனி மூட்டை மற்றக் காலுக்கும் வைப்பதா என்று முடிவெடுக்க வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.